கோலமும் கைப்பேசிப் புதிரும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு விளையாட்டு. அறுபதைக் கடந்த ஓர் ஆசிரியன் விளையாட்டைப் பற்றிப் பேச வந்தால், விளையாடுவதை விடுத்துப் படியுங்கள் என்று சொல்லவே வந்திருக்கிறான் என நீங்கள் எண்ணக்கூடும். அவ்வாறு சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சென்ற கோடை விடுமுறையில் என் பேத்தியின் கைப்பேசியை வாங்கி, அவள் உறங்கிய பின்னரும் இரவு பதினொன்றரை மணி வரை நானே விளையாடிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் அவள் கைப்பேசியைத் திறந்து பார்த்துவிட்டு, “என்ன தாத்தா, என் உயிரையெல்லாம் தீர்த்துவிட்டீர்களே!” என்றாள். கேட்டுக்கொண்டிருந்த அண்டை வீட்டார் திடுக்கிட்டனர். அவள் சொன்ன உயிர் இன்னது என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

அந்த விளையாட்டில் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள் திரையில் தோன்றும். ஒவ்வொரு கட்டத்திலும் பழம், புத்தகம், கிண்ணம் என ஏதேனும் ஒரு சிறு உருவம் இருக்கும். அடுத்தடுத்துள்ள இரண்டை விரலால் இடம் மாற்றலாம். அதனால் ஒரே வகை உருவங்கள் மூன்று ஒரே வரிசையில் சேர்ந்தால் அவை மறையும். மேலே உள்ளவை கீழே சரியும். வெற்றிடத்தில் புதியவை வந்து விழும். இத்தனை உருவங்களை இத்தனை நகர்த்தலுக்குள் நீக்க வேண்டும் என்பது நிபந்தனை. வென்றால் ஒரு விண்மீன் பரிசாகக் கிடைக்கும். அதைக் கொடுத்து, பாழடைந்து கிடக்கும் ஒரு பெரிய வீட்டைச் சிறிது சிறிதாகச் செப்பனிடலாம். கம்பளம் விரிக்கலாம், திரைச்சீலை தொங்கவிடலாம், நாற்காலி வாங்கலாம். எந்த நிறம், எந்தப் பாணி என்று தேர்ந்துகொள்ளும் உரிமையும் உண்டு. தோற்றாலோ உயிர் ஒன்று போகும். மொத்தம் ஐந்து உயிர்கள். போன உயிர் ஒன்று மீள அரை மணி நேரம் காத்திருத்தல் வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் காசு கொடுக்கலாம்.

இவ்வகை விளையாட்டுக்கு முப்பது ஆண்டு வரலாறு உண்டு. ருசிய நாட்டவரான அலெம்சின் என்பவர் 1994இல் கணிப்பொறிக்காக ஆக்கிய ‘ஷாரிகி’ என்பது இதன் மூத்த வடிவம்; அச்சொல்லுக்குச் சிறு பந்துகள் என்று பொருள். 2001இல் அமெரிக்காவில் ‘பிஜுவெல்ட்’ வந்தது. 2012இல் ‘கேண்டி கிரஷ்’ வந்து, பேருந்திலும் தொடர்வண்டியிலும் மக்களைக் குனிந்த தலை நிமிராதவர்கள் ஆக்கிற்று. புதிரோடு வீட்டு அலங்காரத்தைச் சேர்த்துப் பெரும்புகழ் பெற்றது ‘பிளேரிக்ஸ்’ என்னும் நிறுவனம். ருசியாவின் வோலக்டா நகரில் சகோதரர் இருவர் 2004இல் தொடங்கியது அது. அவர்களுடைய தோட்ட விளையாட்டான ‘கார்டன்ஸ்கேப்ஸ்’ 2016இல் கைப்பேசிக்கு வந்தது. வீட்டு விளையாட்டான ‘ஹோம்ஸ்கேப்ஸ்’ 2017இல் வந்தது. என்னைப் பதினொன்றரை மணி வரை உட்கார வைத்தது இந்த இரண்டாவதுதான்.

அது ஏன் என்னை உட்கார வைத்தது? ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் படித்தபோது ஸ்கின்னர் என்னும் அமெரிக்க அறிஞரின் புறாக்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். பொத்தானைக் கொத்தும் ஒவ்வொரு முறையும் தீனி பெற்ற புறா, தீனி நின்றதும் விரைவில் கொத்துவதை விட்டுவிட்டது. சில முறை கொத்தினால் கிடைக்கும், சில முறை கிடைக்காது, எப்போது கிடைக்கும் என்று தெரியாது என்ற நிலையில் வைக்கப்பட்ட புறாவோ நெடுநேரம் விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. மேலிருந்து எந்த உருவம் வந்து விழும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே வெற்றியில் ஒரு பங்கு திறமை, ஒரு பங்கு தற்செயல். தோற்கும்போது ‘இன்னும் ஒரே ஒரு நகர்த்தல் இருந்திருந்தால்!’ என்று தோன்றுகிறது. அன்றிரவு எனக்கும் அந்தப் புறாவுக்கும் பெரிய வேற்றுமை இருந்ததாகச் சொல்ல மாட்டேன்.

அதற்காக இப்புதிரை அற்பம் என்று தள்ளிவிடுவதற்கும் இல்லை. கட்டங்களின் எண்ணிக்கை பெருகப் பெருக, இவ்வகைப் புதிரை முற்றத் தீர்ப்பது கணிப்பொறிக்கே எளிதன்று என்பதை 2014இல் ஆஸ்திரேலியாவிலும் இத்தாலியிலும் இருந்த ஆய்வாளர்கள் தனித்தனியே நிறுவிக் காட்டினர். இன்னொரு செய்தியும் தெரிந்திருத்தல் நல்லது. இந்நிறுவனத்தின் விளம்பரங்கள், விளையாட்டின் பெரும்பகுதியில் இல்லாத வேறு ஒரு புதிரைக் காட்டி மக்களை ஈர்க்கின்றன என்று கூறி, அவற்றுள் இரண்டை 2020இல் பிரிட்டனின் விளம்பர நெறி ஆணையம் தடை செய்தது. கடைக்கு வெளியே தொங்கும் பலகையில் ஒன்று, உள்ளே கிடைப்பது வேறொன்று என்றால் நம் ஊர்ச் சந்தையில் விட்டுவிடுவார்களா?

எனக்கு உண்மையில் உறுத்தியது மற்றொன்று. மூன்று பழங்களை ஒரு வரிசையில் சேர்ப்பதற்கும் திரைச்சீலை தொங்கவிடுவதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. புதிர் கூலி வேலை. அலங்காரம் அக்கூலிக்கு வாங்கும் பண்டம். புதிரை எவ்வளவு அழகாகத் தீர்த்தாலும் வீட்டின் அழகு ஓர் எள்ளளவும் மாறாது. ‘அலங்காரமே புதிராக, புதிரைத் தீர்த்த வழியே அலங்காரமாக அமைந்த விளையாட்டு உண்டா?’ என்று எண்ணிக்கொண்டு விடியற்காலை வாசற்கதவைத் திறந்தேன். எதிர்வீட்டு அம்மையார் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களிலும், நாகல் நகரிலும், மேற்கே ஆத்தூர், நிலக்கோட்டைப் பக்கத்துச் சமவெளி ஊர்களிலும் மார்கழி வைகறையில் நடந்து பார்த்திருப்பீர்கள். சிறுமலையிலிருந்து இறங்கும் பனியில் சாணம் தெளித்த வாசல் ஈரம் காயாமல் இருக்கும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மாவு இழையாக ஒழுகும். நடுவில் சாண உருண்டையின்மேல் பூசணிப்பூ வைப்பார்கள். முன்னாளில் அரிசி மாவு. எறும்புக்கும் ஓர் உணவு. இன்று பெரும்பாலும் கல்மாவு. சிலர் வீட்டில் கடையில் வாங்கிய ஒட்டுக் கோலம் ஆண்டு முழுதும் தரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் காணும்போது, விடை அச்சிட்ட கணக்குப் புத்தகத்தைக் காணும் எரிச்சல் எனக்கு வருகிறது.

கோலத்தின் தொடக்கமே கணக்குத்தான். “ஏழு புள்ளி, ஒன்றில் முடிய, நேர்ப்புள்ளி” என்று சொன்னால், நடுவரிசையில் ஏழு, அதன் இரு புறமும் ஐந்து, மூன்று, ஒன்று. மொத்தம் 25. இது 16, 9 என்னும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை. சாய்வாகப் பாருங்கள், நான்கு நான்காக ஒரு சதுரமும் அதன் இடைவெளிகளில் மூன்று மூன்றாக ஒரு சதுரமும் தெரியும். “ஏழு புள்ளி, நாலில் முடிய, இடைப்புள்ளி” என்றால், நடுவில் ஏழு, இரு புறமும் ஆறு, ஐந்து, நான்கு. மொத்தம் 37. நான்கின் கனமாகிய 64இலிருந்து மூன்றின் கனமாகிய 27ஐக் கழித்தாலும் 37 வரும். ஐந்தில் தொடங்கி மூன்றில் முடித்தால் 19. அது 27இலிருந்து 8ஐக் கழித்தது. இப்படியே மேலும் எழுதிப் பாருங்கள். இக்கணக்குகளை ஒரு தாளிலும் எழுதாமல், ஒரு புள்ளியும் கூடாமல் குறையாமல் நம் பாட்டிமார் வைத்தனர்.

புள்ளிகளை இணைப்பது ஒரு வகை. புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றி வளைத்துச் செல்வது மற்றொரு வகை. அதனைச் சிக்குக் கோலம், நெளிக் கோலம், கம்பிக் கோலம் என்பர். நம் புதிர் இங்கேதான் இருக்கிறது. அதன் விதிகள் கடுமையானவை. எந்தப் புள்ளியும் வளைவுக்குள் அடங்காமல் விடுபடக் கூடாது. சென்ற வழியிலேயே கோடு மீண்டும் செல்லக் கூடாது; குறுக்கே வெட்டிக்கொள்ளலாம். கோட்டின் முனை தொங்கக் கூடாது. தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். கோலம் முழுவதும் ஒரே இழையாக அமைந்துவிட்டால் அது தனிச் சிறப்பு.

ஆய்லர் என்ற கணித மேதை, ஒரு நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் கடந்து நடக்க இயலுமா என்ற வினாவை 18ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்ததை உயர்வகுப்பு மாணவர் அறிவர். அவருடைய நடைக்காரன் சந்திக்குச் சந்தி விரும்பிய பக்கம் திரும்பலாம். கோலக் கோட்டுக்கு அந்த உரிமை இல்லை. வெட்டும் இடத்தில் நேரே செல்ல வேண்டும். எனவே கோலக்காரியின் புதிர் ஆய்லரின் புதிரைவிட ஒரு படி கடினம்.

செவ்வகமாகப் புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எங்கும் கோடு வெட்டிச் செல்லுமாறு போட்டால், எத்தனை தனி இழைகள் வரும்? மூன்றுக்கு நான்கு புள்ளி வைத்தால் ஒரே இழை. மூன்றுக்கு மூன்று வைத்தால் மூன்று இழைகள். நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு. விதி என்ன என்று இதற்குள் சிலர் கண்டுபிடித்திருப்பீர்கள். இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அதுவே இழைகளின் எண்ணிக்கை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், காரணம் சொல்லாமல் விதியை மட்டும் சொல்வது ஆசிரியனுக்கு அழகன்று. கேரம் பலகையில் சாய்வாக அடித்த காய் விளிம்பில் பட்டுத் திரும்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். கோலக் கோடும் அவ்வாறே சாய்வாகச் சென்று, ஓரத்தில் வளைந்து, மீண்டும் சாய்வாகச் செல்கிறது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சாய்வான துண்டுகள் நான்கு உண்டு. மூன்றுக்கு நான்கில் 12 புள்ளி. ஆகவே 48 துண்டு. கோடு ஒரு துண்டு செல்லும்போது பக்கவாட்டில் அரைப்புள்ளி இடமும், மேல்கீழாக அரைப்புள்ளி இடமும் நகர்கிறது. மூன்று புள்ளி அகலத்தைக் கடந்து திரும்பிவர 12 துண்டு. நான்கு புள்ளி உயரத்தைக் கடந்து திரும்பிவர 16 துண்டு. இரண்டு பயணமும் ஒருசேர முடிந்தால்தான் கோடு புறப்பட்ட இடத்தை அடையும். அது 12, 16 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்காகிய 48ஆம் துண்டில் நிகழ்கிறது. அதற்குள் எல்லாத் துண்டும் தீர்ந்துவிட்டன. எனவே ஒரே இழை. நான்குக்கு ஆறிலோ மொத்தம் 96 துண்டு. 16, 24 இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 48. ஆகவே இழை இரண்டு. இரண்டு எண்களின் பெருக்கற்பலனை அவற்றின் மீச்சிறு பொது மடங்கால் வகுத்தால் மீப்பெரு பொதுக் காரணி வரும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அது வாசலில் மாவாகக் கிடக்கிறது.

இழைகள் பலவாகப் பிரிந்துவிட்டால் அவற்றை ஒன்றாக்கவும் வழி உண்டு. இரண்டு வெவ்வேறு இழைகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தைத் தேர்ந்து, வெட்டாமல் இரு பக்கமும் விலகி வளையுமாறு மாற்றிவிட்டால் அவ்விரண்டும் ஒன்றாகும். மூன்று இழையை ஒன்றாக்க இத்தகைய மாற்றம் இரண்டு போதும். ஆனால் ஒரே இழை தன்னைத்தானே வெட்டும் இடத்தில் இதைச் செய்தால், வளைக்கும் பக்கத்தைப் பொறுத்து அது இரண்டாகப் பிரிந்துவிடவும் கூடும்.

இந்த இடத்தில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 1980களில், திண்டுக்கல்லுக்கு மேற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திவந்தேன். அவ்வகுப்பில் ஒரு பெண்ணுக்கு மீச்சிறு பொது மடங்கு, மீப்பெரு பொதுக் காரணி இரண்டும் எத்தனை முறை சொன்னாலும் விளங்கவில்லை. முன்னேற்ற அறிக்கையில் ‘கணக்கில் கவனம் இல்லை’ என்று சிவப்பு மையால் எழுதினேன். ஒரு மார்கழிக் காலையில் மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் வழியில், அவள் தன் வீட்டு வாசலில் பெரிய சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்து எழுந்து நின்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து இரண்டே இடங்களில் விரலால் மாவை ஒதுக்கி வளைத்துவிட்டாள்.

“ஏன் அழித்தாய்? நன்றாகத்தானே இருந்தது?” என்று கேட்டேன்.

“மூன்றாய்ப் பிரிந்துவிட்டது சார். ஒன்றாய்ச் சேர்த்துவிட்டேன்” என்றாள்.

“நல்லது, நேரத்தோடு பள்ளிக்கு வா” என்று சொல்லிவிட்டு மிதிவண்டியை மிதித்தேன். அன்று முற்பகலில் கரும்பலகையில் 6, 9 என்று எழுதி மீப்பெரு பொதுக் காரணி கேட்டேன். அவள் எழுந்து நின்றாள், விடை சொல்லவில்லை. எல்லார் முன்னும் கடிந்துகொண்டேன். ஆறுக்கு ஒன்பது புள்ளி வைத்தால் எத்தனை இழை என்று கேட்டிருந்தால் அவள் உடனே சொல்லியிருப்பாள் என்பது எனக்கு அன்று தெரியவில்லை. ஓய்வு பெற்ற பின்னர்க் கோலக் கணிதம் பற்றிப் படித்தபோதுதான் தெரிந்தது. அப்பெண் இன்று ஐம்பதைக் கடந்திருப்பாள். பயிற்சிக் கல்லூரியில் ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க’ என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தனர். மாணவிக்குத் தெரிந்தது இன்னது என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தும், நான் பார்க்கவில்லை.

பார்த்தவர்களும் நம் நாட்டிலேயே இருந்தனர். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோன்மணி, அவர் துணைவியார் இராணி சிரோன்மணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் கோலங்களைக் கணிப்பொறி அறிவியலின் கண்கொண்டு ஆராய்ந்து 1974இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் இலக்கணம் உண்டு என்பது அவர்கள் கருத்து. சிறு உறுப்பு ஒன்றைக் குறிப்பிட்ட விதிப்படி மீண்டும் மீண்டும் மாற்றி எழுதிக்கொண்டே போனால் பெரிய கோலம் பிறக்கும். செடியின் வளர்ச்சியை விளக்க அங்கேரியில் பிறந்த லிண்டன்மேயர் என்ற உயிரியலார் 1968இல் வகுத்த விதிகளும் இதே இனத்தைச் சேர்ந்தவை. பின்னர் அவ்விதிகளாலேயே கணிப்பொறியில் கோலங்களை வரைந்து காட்டினர். மார்சியா ஆஷர் என்னும் அமெரிக்கக் கணிதப் பேராசிரியை 2002இல் வெளியிட்ட நூலில் கோலத்தைப் பற்றி விரிவாக எழுதினார். ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டுச் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து, கதை சொல்லிக்கொண்டே அவற்றைச் சுற்றிக் கோடு வளைக்கின்றனர். அவ்வோவியத்துக்குச் சோனா என்று பெயர். அங்கே வரைபவர் ஆடவர் என்பதை, கோலம் பெண்பிள்ளை வேலை என்று ஒதுங்கும் மாணவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். பசிபிக் கடலிலுள்ள வனுவாட்டுத் தீவினரும் மணலில் ஒரே தொடர்கோட்டால் ஓவியம் வரைகின்றனர்.

எங்கள் ஊர் பூட்டுக்குப் பெயர் போனது. திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. நல்ல பூட்டு என்பது அயலார்க்கு விளங்காத புதிர். அதன் இரகசியத்தைப் பட்டறைக்காரர் வெளியே சொல்ல மாட்டார். கோலமோ அதே வீட்டுக் கதவுக்கு வெளியே, புதிரையும் விடையையும் சேர்த்தே தெருவில் பரப்பி வைக்கிறது. போகிறவர் வருகிறவர் யாரும் கோட்டைக் கண்ணால் பின்தொடர்ந்து சரிபார்க்கலாம். தவறினால் உயிர் போவதில்லை. அரை மணி காத்திருக்கவும் வேண்டுவதில்லை. மேலிருந்து எதுவும் தற்செயலாக வந்து விழுவதில்லை. தவறு முழுவதும் போட்டவருடையது, வெற்றியும் அப்படியே. விண்மீனும் கிடைப்பதில்லை. பத்து மணிக்குள் பால்காரர் மிதிவண்டியும் பள்ளிப் பிள்ளைகளின் காலும் அதை அழித்துவிடும். மறுநாள் வேறு ஒன்று.

சென்ற வாரம் பேத்தி வந்திருந்தாள். மாடித் தளத்தில் சுண்ணக்கட்டியால் ஆறுக்கு ஒன்பது புள்ளி வைத்துக் கொடுத்து, எத்தனை இழை வரும் என்று கேட்டேன். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு யோசித்து, மூன்று என்றாள். இரண்டே மாற்றங்களில் அதை ஒன்றாக்கு என்றேன். அரை மணி நேரம் வரைந்தாள். இரண்டு இடங்களில் வளைத்துவிட்டு, ஒவ்வோர் இழையாக விரல் வைத்துப் பின்தொடர்ந்து எண்ணினாள், மூன்றே இருந்தது. முதல் மாற்றத்தில் இரண்டு ஒன்றாகிவிட்டன. இரண்டாவது மாற்றத்தில் அந்த ஒன்றே மீண்டும் இரண்டாகிவிட்டது. “எங்கே தவறினேன், சொல்லுங்கள் தாத்தா” என்றாள். நான் சொல்லவில்லை. ஈரத்துணியால் அந்த ஒரு மூலையை மட்டும் துடைத்துவிட்டு, மீண்டும் குனிந்து உட்கார்ந்தாள்.